வீட்டிலேயே சிப்பிக் காளான்

பெங்களூரின் மிதமான சீதோஷ்ணம் சிப்பிக் காளானுக்கு மிகவும் அநுகூலமானதாயினும், ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் தயாராகக் கிடைக்கும் காளான் பையை ஆசையுடன் வாங்கி வந்து பால்கனியில் வைத்தால், அரும்பிய மொட்டுகள் சில நாட்களிலேயே காய்ந்து கருகிவிடுவதுண்டு. அதைத் தவிர்க்க:

1. பை முழுவதும் வெண்ணிற இழை படர்ந்த பின்னரே சுத்தமான பிளேடால் கீறுங்கள். இழை படராத வைக்கோலில் வேறு பூஞ்சைகள் எளிதில் குடிபுகும்.

2. சூரிய கிரணங்கள் நேரே படாததும், படிப்பதற்குப் போதிய வெளிச்சமுள்ளதும், காற்று தாராளமாக உலவுவதுமான இடத்தில் வையுங்கள். அலமாரியில் அடைத்தால் கரியமிலவாயு மிகுந்து, தண்டு நீண்டு குடை சிறுத்துவிடும்.

3. தினம் இரண்டு மூன்று வேளை, மார்ச், ஏப்ரல் வறட்சியில் இன்னும் அதிகமாக, நுண்ணிய திவலைகளாகத் தெளிப்பானால் ஜலம் தெளியுங்கள். ஈரம் இழந்த மொட்டு மீள்வது அரிது. மின்விசிறிக்கு நேரே வைப்பதும், பையின் அடியில் நீர் தேங்கவிடுவதும் கூடவே கூடாது. முன்னது உலர்த்தும், பின்னது அழுகச் செய்யும்.

4. குடையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளுமுன் கொத்தோடு திருகிப் பறியுங்கள். தாமதித்தால் உதிரும் வித்துத்தூள் இருமலை உண்டாக்கக்கூடுமாதலால், ஆஸ்துமா உள்ளவர்கள் வசிக்கும் வீட்டில் விசேஷ ஜாக்கிரதை அவசியம்.

5. பச்சைப் பூசணம் கண்ட பையை உடனே அகற்றுங்கள், மற்றவற்றுக்கும் பரவும்.

பறித்ததைக் காகிதப் பையிலிட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, நன்றாக வேகவைத்தே உண்ணுங்கள். முதல் அறுவடையோடு பையை எறிந்துவிட வேண்டாம்; ஈரம் காத்துவந்தால் இரண்டு மூன்று முறை மகசூல் தரும்.