இளம்பிள்ளையிலிருந்து இயற்பியல் வகுப்புக்கு: முதல் செமஸ்டருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ முடித்துவிட்டு இளம்பிள்ளையில் பஸ் ஏறி சேலம் பக்கம் கல்லூரிக்குப் போகப்போகிற மாணவ மாணவியருக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் தறி ஓடிக்கொண்டிருக்கும். பாடத்தில் சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்ள வீட்டில் ஆள் இருப்பது அபூர்வம். “பிசிக்ஸா எடுத்திருக்கே, கஷ்டமாச்சே” என்று சொல்ல மட்டும் தெருவுக்கு நாலு பேர் உண்டு. கஷ்டம் உண்மைதான். நான் பார்த்தவரை, கருத்து புரியாமல் தோற்றவர்கள் கொஞ்சம் பேர்தான். அலகை விட்டவர்கள், கணக்கைப் பாதியில் மூடிவைத்தவர்கள், லேபைக் கடைசி மாதத்துக்குத் தள்ளியவர்கள்தான் பெரும்பாலும் தோற்கிறார்கள். மூன்றையும் முதல் வாரத்திலிருந்தே சரிசெய்ய முடியும்.

1. உங்களுக்கு வரப்போவது எந்த இயற்பியல்?

முதல் ஆண்டு இயற்பியல் மூன்று வகையாக வரும். பி.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்தால் அது மேஜர். தமிழ்நாட்டில் பெரும்பாலும் முதலில் பருப்பொருளின் பண்புகளும் ஒலியியலும், அடுத்து வெப்பமும் வெப்ப இயக்கவியலும் வரும். கணிதம் அல்லது வேதியியல் படிப்பவர்களுக்கு அதுவே அலைடு பாடம். பரப்பு அகலமாக இருக்கும், ஆழம் குறைவு. பொறியியலில் சேர்ந்தால் முதல் ஆண்டிலேயே பொறியியல் இயற்பியல் வந்துவிடும்; அதில் லேசர், ஒளி இழை, குவாண்டம் இயற்பியல் போன்றவையும் சேர்ந்திருக்கும்.

சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. சேலம் செர்ரி ரோட்டில் இருக்கும் அரசு கலைக் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. ஆகவே பக்கத்து வீட்டு அக்காவின் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்குவதற்கு முன், உங்கள் கல்லூரியின், உங்கள் ஆண்டின் பாடத்திட்டத்தை டிபார்ட்மென்ட்டில் கேட்டு வாங்குங்கள். ஐந்து யூனிட்டும் ஒரே தாளில் இருக்கும். நோட்டின் முதல் பக்கத்தில் அதை ஒட்டிவையுங்கள்.

2. வகுப்பு தொடங்குமுன்: கணக்கைத் தட்டியெழுப்புங்கள்

வேண்டியது கொஞ்சம்தான். முக்கோணவியலில் சைன், கொசைன், வெக்டரைக் கூறுகளாகப் பிரிப்பது, வகையீடு, எளிய தொகையீடு, மடக்கை, பத்தின் அடுக்குகளைக் கையாள்வது. இவற்றில் எது வரவில்லையோ அதற்குப் பதினோராம் வகுப்புப் புத்தகத்துக்கே திரும்பிப் போங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழி வகுப்பில் உட்காரப்போகிறவர்களுக்கு ஒரு யோசனை. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. இரண்டையும் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பாடம் அதே, படம் அதே, சமன்பாடு அதே. ‘பருப்பொருளின் பண்புகள்’ பாடத்தை இரண்டிலும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் படித்தால், முதல் செமஸ்டருக்கு வேண்டிய ஆங்கிலச் சொற்களில் பெரும்பகுதி பழகிவிடும். பாடம் ஏற்கெனவே தெரிந்தது என்பதால் மொழி மட்டும்தான் புதிது. தனியாக ஆங்கில வகுப்புக்குப் பணம் கட்டுவதைவிட இது பயன் தரும் என்று உறுதியாகச் சொல்வேன்.

3. அலகு: நூல் கடையிலேயே இருக்கும் பாடம்

இளம்பிள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தினமும் ‘டெனியர்’ என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். 75 டெனியர் நூல் என்றால் 9,000 மீட்டர் 75 கிராம். பருத்தி நூலுக்கு வேறு கணக்கு: 840 கெஜம் கொண்ட சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ அது கவுண்ட். டெனியர் கூடினால் நூல் தடிக்கும். கவுண்ட் கூடினால் நூல் மெலியும். 40 கவுண்ட் பருத்தி நூல் சுமார் 133 டெனியர். இதை நீங்களே போட்டுப் பாருங்கள்: 40-ஐ 840-ஆல் பெருக்கிக் கெஜத்தை மீட்டராக்கி, ஒரு பவுண்டை 453.6 கிராமாக்கி, 9,000 மீட்டருக்கு விகிதம் போட வேண்டும். இந்த ஒரு கணக்கைத் தப்பில்லாமல் போட்டவருக்கு அலகு மாற்றம் இனிப் பயமுறுத்தாது.

இயற்பியலில் இதே அளவுக்கு ஓரலகு நீளத்துக்கான நிறை என்று பெயர். இழுத்துக் கட்டிய நூலில் அலை ஓடும் வேகத்தைச் சொல்லும் சமன்பாட்டில் அது உட்கார்ந்திருக்கிறது: இழுவிசையை ஓரலகு நீள நிறையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் வேகம்.

75 டெனியர் நூலில் 20 கிராம் எடையைத் தொங்கவிட்டால் வேகம் என்ன? 75 கிராம் என்பது 0.075 கிலோகிராம். அதை 9,000-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு 8.33 × 10⁻⁶ கிலோகிராம். இழுவிசை 0.02 × 9.8, அதாவது 0.196 நியூட்டன். வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் விநாடிக்குச் சுமார் 153 மீட்டர். நூலின் எடையைக் கிராமிலிருந்து கிலோகிராமுக்கு மாற்ற மறந்தால் விடை ஏறக்குறைய 5 மீட்டர் என்று வரும். சமன்பாடு சரி, கால்குலேட்டர் சரி, விடை மட்டும் முப்பது மடங்கு தவறு. அதனால்தான் ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதச் சொல்கிறார்கள். நியூட்டனைக் கிலோகிராம்/மீட்டரால் வகுத்தால் மீட்டர்²/விநாடி² வர வேண்டும். வந்தால் வர்க்கமூலம் வேகமாகும். வராவிட்டால் கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டு, எந்த வரியில் தவறினீர்கள் என்று தேடுங்கள்.

மேல்டே சோதனை என்று லேபில் ஒன்று வரும். அதிரும் இசைக்கவையில் நூலைக் கட்டி, மறுமுனையில் தட்டில் எடை வைத்து, நூலில் உருவாகும் கண்ணிகளை எண்ணுவீர்கள். பீமில் கயிற்றைச் சுற்றிக் கல்லைத் தொங்கவிட்டுப் பாவின் இழுப்பைச் சரிசெய்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தட்டின் வேலை என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

4. வகுப்பில் என்ன செய்வது

கரும்பலகையில் இருப்பதை அப்படியே நகலெடுப்பது நோட்டை நிரப்பும், அவ்வளவுதான். வருவித்தல் ஒன்றைப் பேராசிரியர் நடத்தும்போது மூன்று இடங்களை மட்டும் குறியுங்கள்: எந்த அனுமானத்தில் தொடங்கினார், எந்த வரியில் படத்திலிருந்து சமன்பாட்டுக்குத் தாவினார், எந்த வரியில் தொகையீடு வந்தது. அன்று சாயங்காலம் நோட்டை மூடிவைத்துப் படத்தை வரைந்து, அங்கிருந்து கடைசி வரி வரை எழுதிப் பாருங்கள். நின்றுபோன வரிதான் மறுநாள் கேட்க வேண்டிய சந்தேகம். “சார், புரியலை” என்று பொதுவாகச் சொல்வதைவிட “இந்த வரி எப்படி வந்தது மேடம்?” என்று கேட்டால் பதில் நேராகக் கிடைக்கும்.

5. கணக்குப் போடும் வழி

படம், தெரிந்தவை, தெரியாதது, விதி, எழுத்துகளிலேயே தீர்வு, கடைசியில் எண். எண்களை முதல் வரியிலேயே போட்டுவிடுகிறவர்கள் தவறைக் கண்டுபிடிக்கவே முடியாமல் திண்டாடுகிறார்கள். விடை வந்ததும் அது நடக்கக்கூடியதா என்று கேளுங்கள்: எஃகின் யங் குணகம் சுமார் 2 × 10¹¹ நியூட்டன்/மீட்டர்², மரத்துக்கு 10¹⁰ அளவில். மர அளவுகோலுக்கு எஃகைவிடப் பெரிய எண் வந்தால் எங்கோ அடுக்கு தவறியிருக்கிறது. வாரம் பத்துக் கணக்கு போதும், ஆனால் தீர்வைப் பார்க்காமல்.

6. லேப்: மதிப்பெண்ணும் இயற்பியலும் இருக்கும் இடம்

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். பலர் லேபை ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கும் சடங்காக நினைக்கிறார்கள். சீனியரின் அளவீடுகளைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதியவர் வைவாவில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்கிறார். அதைவிடப் பெரிய நஷ்டம், அளக்கும் பழக்கம் கைக்கு வராமலே போய்விடுவது.

முறுக்கு ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பியில் வட்டத்தட்டைத் தொங்கவிட்டு முறுக்கி விட்டு, அலைவு நேரத்தை அளந்து, கம்பியின் விறைப்புக் குணகத்தைக் கணக்கிடுவீர்கள். சமன்பாட்டில் கம்பியின் ஆரம் நான்காம் அடுக்கில் இருக்கிறது. திருகு அளவியில் சுழிப் பிழை ஐந்து பிரிவு, அதாவது 0.05 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டால் 0.50 மில்லிமீட்டர் கம்பி 0.60 ஆகிவிடும். 1.2-இன் நான்காம் அடுக்கு 2.07. விறைப்புக் குணகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஒரு கூட்டல் கழித்தல் குறியால் வரும் விளைவு இது. வளைத்தல் சோதனையில் அளவுகோலின் தடிமன் மூன்றாம் அடுக்கில் வருகிறது. அகலம் முதல் அடுக்கில்தான். ஆகவே தடிமனைத் திருகு அளவியால் பல இடங்களில் எடுங்கள்; அகலத்துக்கு வெர்னியர் போதும். எந்த அளவு உயர்ந்த அடுக்கில் இருக்கிறதோ அங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும். இதைச் சோதனைக்குப் போகும் முன்பே சமன்பாட்டைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

அப்சர்வேஷன் நோட்டில் எண்ணை அப்போதே, பேனாவால் எழுதுங்கள். தவறான எண்ணை ஒரு கோடு போட்டு அடியுங்கள், அழிக்க வேண்டாம். ஒத்துவராத எண்ணைத் திருத்தவும் வேண்டாம். சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்த சி.வி. ராமன் நிறமாலைமானியில் முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தபோது, விளிம்பு விளைவுப் பட்டைகள் இருபுறமும் சமமாக இல்லாததைக் கவனித்தார். அதைத் தொடர்ந்து ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1906இல் லண்டனின் ‘ஃபிலசாஃபிகல் மேகசின்’ இதழில் வந்தது. அவருக்கு அப்போது பதினெட்டு வயது. முப்பட்டகத்தின் கோணத்தை அளப்பது இன்றைக்கும் நம் கல்லூரிகளில் சாதாரண மாணவர்கள் செய்கிற சோதனைதான்.

லேபுக்கு வெளியேயும் அளக்கலாம். ஊருக்குப் பக்கத்தில் நிற்கும் கஞ்சமலையின் பாறைகளில் மாக்னடைட் என்ற காந்த இரும்புத் தாது இருக்கிறது. சித்தர் கோயிலுக்குப் போகும்போது ஒரு சிறு காந்த ஊசியைக் கொண்டுபோய், மலையடிவாரக் கற்களுக்குப் பக்கத்தில் வைத்து ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பாருங்கள். காந்தவியல் பாடம் வரும்போது அது நினைவில் இருக்கும்.

7. புத்தகம், கால்குலேட்டர்

பிரிஜ்லால்–சுப்ரமணியம், டி.எஸ். மாத்தூர், ஆர். முருகேசன் ஆகியோரின் புத்தகங்கள் பாடத்திட்டத்தோடு ஒட்டிப் போகும். கல்லூரி நூலகத்தில் தேடுங்கள். கருத்துக்கு ஹாலிடே–ரெஸ்னிக், கணக்குக்கு எச்.சி. வர்மா. 1961 முதல் 1963 வரை ரிச்சர்ட் ஃபெயின்மன் நடத்திய விரிவுரைகளைக் கால்டெக் நிறுவனம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆனால் முதல் செமஸ்டரிலேயே அதை முதன்மைப் புத்தகமாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர் கட்டாயம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. முதல் மாதப் பணத்தில் கால்குலேட்டரையும் ரெக்கார்டு நோட்டையும் வாங்கிவிடலாம்.

8. தீபாவளியும் செமஸ்டரும்

நம் ஊருக்கே உரிய சிக்கல் இது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சேலை ஆர்டர் குவியும். தார் சுற்ற, சேலை மடிக்க, பார்சல் கட்ட வீட்டில் எல்லாக் கையும் வேண்டும். ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வும் பெரும்பாலும் நவம்பரை ஒட்டியே வருகிறது. வீட்டு வேலையை மறுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை, அது நடக்கவும் நடக்காது. எனவே வேலையை முன்னால் இழுத்துவிடுங்கள். ரெக்கார்டு நோட்டுக் கையெழுத்து செப்டம்பருக்குள் முடிந்திருக்க வேண்டும். முதல் மூன்று யூனிட்டும் அதற்குள் ஒருமுறை எழுதிப் பார்த்தாகிவிட வேண்டும். தேர்வுக் கால அட்டவணை வந்ததும் வீட்டில் காலண்டரில் வட்டம் போட்டு, “இந்த நாலு நாள் என்னைக் கூப்பிடாதீங்க அப்பா” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தறிச் சத்தம் இல்லாத நேரம் எது என்று உங்களுக்கே தெரியும். வருவித்தல்களை அந்த நேரத்துக்கு வைத்துக்கொண்டு, ரெக்கார்டு எழுதுவதைச் சத்தத்தில் செய்யலாம்.

9. இன்டர்னல், தேர்வு, அரியர்

கலை அறிவியல் கல்லூரிகளில் தியரிக்குப் பொதுவாக இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75. வருகைப் பதிவும் அசைன்மென்ட்டும் இன்டர்னலில் சேருவதால் அவற்றை விட்டுவிடக் கூடாது. தேர்வில் கணக்கு வினாவை முதலில் எழுதுங்கள். விடை பிசகினாலும் படம், சமன்பாடு, அலகு ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் கிடைக்க வாய்ப்புண்டு.

அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டரிலேயே எழுதிவிடுங்கள். முதல் செமஸ்டரின் மீட்சித்தன்மை பாடத்தைப் பின்னால் வரும் தாள்கள் தெரிந்ததாகவே எடுத்துக்கொள்ளும். மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். அதற்குக் கொடுக்கும் அவகாசம் குறைவு. முடிவு வந்த அன்றே கடைசித் தேதி என்ன என்று கல்லூரித் தேர்வுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.