மனசு சோர்ந்தால் மருந்து உண்டா?

"மேலுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டால், "தலை கனமா இருக்கு, கை காலெல்லாம் அசதி, நெஞ்சை அடைக்குது, ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை" என்று வரிசையாகச் சொல்வார்கள். நாடி பார்த்து, ரத்தம் பரிசோதித்து, ஸ்கேனும் எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். "உனக்கு ஒண்ணுமே இல்லை, நிம்மதியா போம்மா" என்று அனுப்பி விடுவார்கள்.

ஒண்ணுமே இல்லையா? இருக்கிறது. அந்த நோய்க்கு மனச்சோர்வு என்று பெயர். எங்கள் வத்திராயிருப்புப் பக்கம் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் இது பெரும்பாலும் உடம்பு வலியின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறது. அதனால்தான் வருஷக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் போய்விடுகிறது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நம் நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இதற்கு ஆளாகிறார் என்று சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் வைத்தியத்துக்கே வருவதில்லை.

வருத்தம் வேறு, நோய் வேறு

வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அழுகை வரும். பையன் பரீட்சையில் தவறினால் மனசு வாடும். இது இயல்பு. நாள் போகப் போகக் குறையும். நடுவில் பேரக்குழந்தை ஓடி வந்தால் முகத்தில் சிரிப்பும் வரும். மனச்சோர்வில் அந்தச் சிரிப்பு வராது. கீழே உள்ளவற்றை நிதானமாகப் படியுங்கள்:

1. நாள் முழுக்க மனசு கனத்துக் கிடப்பது
2. பிடித்த காரியம் எதிலும் நாட்டமில்லாமல் போவது
3. தூக்கம் கெடுவது, அல்லது எந்நேரமும் தூக்கம்
4. பசியும் எடையும் குறைவது, அல்லது கூடுவது
5. எப்போதும் அசதி
6. பேச்சும் நடையும் மந்தமாவது, அல்லது ஓர் இடத்தில் இருக்க முடியாத தவிப்பு
7. கவனம் நிற்காமை, முடிவெடுக்கத் தடுமாற்றம்
8. "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற குற்ற உணர்ச்சி
9. சாவைப் பற்றிய நினைப்பு

முதல் இரண்டில் ஒன்றாவது இருந்து, மொத்தத்தில் ஐந்து அடையாளங்கள் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது சோம்பலும் அல்ல, திமிரும் அல்ல. வைத்தியம் தேவைப்படும் நோய். ஒன்பதாவது அடையாளம் மட்டும் இருந்தால்கூட இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

ஏன் வருகிறது?

ஒரே காரணம் என்று எதையும் காட்ட முடியாது. குடும்ப வாகு, கடன், துக்கம், வீட்டில் குடிப்பழக்கம், நாள்பட்ட சர்க்கரை நோய், பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள் என்று பல சேர்ந்து வருவதுதான் வழக்கம். மூளையில் ஒரு ரசாயனம் குறைந்ததால்தான் என்று முன்பு சுலபமாகச் சொல்வார்கள். கணக்கு அவ்வளவு எளிதல்ல என்பது இன்றைய கருத்து.

மன நோய் நம் முன்னோருக்குத் தெரியாததல்ல. அகத்தியர் பெயரில் வழங்கும் கிரிகை நூலில் மனம் சார்ந்த நோய்கள் 18 வகையாகப் பிரித்துச் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றை நோயாகப் பார்த்து, மருந்தும் சொல்லியிருக்கிறார்கள். நாம்தான் "செய்வினை", "காத்துக் கருப்பு" என்று வழி தவறிப் போகிறோம்.

இன்னொரு முக்கியமான விஷயம். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி-12 வைட்டமின் பற்றாக்குறை ஆகியவையும் இதே மாதிரி அசதியைக் காட்டும். எனவே முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

கோயிலா, மருந்தா?

எங்கள் ஊருக்கு மேற்கே சதுரகிரி. அமாவாசை, பௌர்ணமி என்றால் தாணிப்பாறை அடிவாரத்தில் கூட்டம் அலைமோதும். "மலை ஏறிக் கும்பிட்டா சரியாயிருமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. தாராளமாகப் போய் வாருங்கள். நடையும், நாலு பேர் துணையும், நம்பிக்கையும் மனசுக்கு நல்லதே. ஆனால் சாமி கும்பிடுவதைக் காரணம் காட்டி மருந்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

தள்ளிப் போட்டதன் விபரீதத்தைத் தமிழ்நாடு ஒரு தடவை பார்த்துவிட்டது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். பலரைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்ததால் தப்பி ஓடக்கூட முடியவில்லை. பலவித மனநோய்களோடு, குணமாகும் என்ற நம்பிக்கையில் கொண்டு வந்து விடப்பட்டவர்கள் அவர்கள். இன்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதே தடை செய்யப்பட்டது. ஏர்வாடியிலேயே தர்கா பிரார்த்தனையோடு டாக்டர் வைத்தியமும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு பிற்பாடு வந்தது. அதுதான் சரியான வழி.

என்னென்ன வைத்தியம்?

லேசான சோர்வு என்றால் பேச்சு வைத்தியமே போதுமானதாக இருக்கும். இதற்குப் பெரிய படிப்புப் படித்தவர்தான் வேண்டும் என்பதில்லை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், பயிற்சி தரப்பட்ட சாதாரண ஆட்களே ஆறு முதல் எட்டு தடவை உட்கார்ந்து பேசி, நோயாளியைச் சின்னச் சின்ன வேலைகளில் மறுபடி இறங்க வைத்தார்கள். நல்ல பலன் கிடைத்ததாக 2017ல் ஆய்வு முடிவு வெளிவந்தது.

நடுத்தர, கடுமையான சோர்வுக்கு மனநல டாக்டர் தரும் மாத்திரை அவசியம். அதைப் பற்றி நாலு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்:

* போட்டவுடன் வேலை செய்யாது. இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல் வரலாம். "ஒத்துக்கலை" என்று தூக்கிப் போட்டு விடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.
* குணமான பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும். நல்லா இருக்கே என்று நடுவில் விட்டால் நோய் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.
* திடீரென்று நிறுத்தக் கூடாது. தலைசுற்றல், எரிச்சல் வரும். டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.
* இதுவும் தூக்க மாத்திரையும் ஒன்றல்ல. மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரையைத் தானாக வாங்கிப் போடுகிறவர்கள்தான் பழக்கத்துக்கு அடிமையாகிறார்கள்.

"கரண்ட் வைத்தியம்" என்றாலே சினிமாவில் பார்த்தது ஞாபகம் வந்து பயப்படுகிறோம். இன்று மயக்க மருந்து கொடுக்காமல் அதைச் செய்யச் சட்டமே அனுமதிப்பதில்லை. சாப்பாடு தண்ணீரையே மறுக்கும் அளவு முற்றிய நிலையில் அது உயிரைக் காப்பாற்றும்.

சித்த மருத்துவம் எங்கே உதவும்?

நான் சித்த மருத்துவன். அதனாலேயே இதை ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். அமுக்கரா சூரணம் தூக்கத்துக்கும் பதட்டத்துக்கும் ஓரளவு உதவுவதாக ஆய்வுகள் உண்டு. வல்லாரைத் துவையல், வாரம் ஒரு எண்ணெய்க் குளியல், மூச்சுப் பயிற்சி, காலை வெயிலில் அரை மணி நடை எல்லாம் நல்ல துணை. ஆனால் கடுமையான மனச்சோர்வை மூலிகை மட்டும் குணப்படுத்தும் என்று சொன்னால் நம்பாதீர்கள். அமுக்கராகூட கர்ப்பிணிகளுக்கும் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் எல்லோருக்கும் போல் கொடுப்பதற்கில்லை. பற்பம், செந்தூரம் எதையும் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். இரண்டு வைத்தியமும் பார்ப்பதானால், இரண்டு டாக்டருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

வீட்டாருக்கு நாலு வார்த்தை

"மனசைத் தேத்திக்கோ", "உனக்கென்ன குறைச்சல்?" என்று புத்தி சொல்லாதீர்கள். கால் ஒடிந்தவரிடம் "எந்திரிச்சு ஓடு" என்று சொல்வோமா? பக்கத்தில் உட்காருங்கள். சாப்பிட வையுங்கள். டாக்டரிடம் கூடவே போங்கள்.

"சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒருத்தர் இருக்கிறார் என்ற ஆறுதல்தான் வரும். "ஆமா" என்று பதில் வந்தால் தனியாக விடாதீர்கள். பூச்சி மருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வைத்து, சாவியை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் 1990களில் தொடங்கி கொடிய பூச்சி மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததும் தற்கொலைகள் பெருமளவு குறைந்தன. கைக்கு எட்டாமல் இருந்தால், அந்தப் பொல்லாத நேரம் கடந்து போய்விடும்.

போலீஸ் கேஸ் வருமே என்று பயந்து மறைக்கவும் வேண்டாம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில், தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் பழைய 309ஆவது பிரிவு இல்லை.

எங்கே போவது என்ற குழப்பமும் வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரி வழியாகவே இலவசமாக வைத்தியம் கிடைக்கிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். நேரில் போகத் தயக்கமா? 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை, 2022ல் தொடங்கியது. ராப்பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் கூச்சப்படாமல் மாத்திரை சாப்பிடுகிறோம். மனச்சோர்வுக்கும் அப்படியே சாப்பிடலாம். பெரும்பாலோருக்கு இது குணமாகும். முடிக்க வேண்டிய நாள்வரை வைத்தியத்தை முடியுங்கள், அது போதும்.