டிரம்ப் கேட்ட 'உதவி'

கேள்வி: 2019-ல் உக்ரைனுக்கான ராணுவ நிதியை டிரம்ப் நிறுத்திவைத்ததை ஏன் இவ்வளவு பெரிதாக்கினார்கள்? பணம்தான் கடைசியில் விடுவிக்கப்பட்டுவிட்டதே?

பதில்: எப்போது விடுவிக்கப்பட்டது என்று பாருங்கள். செப்டம்பர் 9-ல் பிரதிநிதிகள் சபைக் குழுக்கள் இது குறித்து விசாரணை அறிவித்தன. 11-ல் பூட்டு திறந்தது! காங்கிரஸ் ஒதுக்கிய சுமார் 39 கோடி டாலர் அது. டிரம்ப் வீட்டுப் பணமல்ல.

ஜூலை 25 தொலைபேசி உரையாடலில், ஜாவலின் ஏவுகணைகளை மேலும் வாங்கத் தயார் என்கிறார் உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி. உடனே டிரம்ப், 'எங்களுக்கு ஓர் உதவி செய்யுங்கள்' என்று ஆரம்பிக்கிறார். கொஞ்ச நேரத்தில் அவருடைய அரசியல் போட்டியாளர் ஜோ பைடன், பைடனின் மகன் பெயரெல்லாம் வருகின்றன; அவர்களைப் பற்றி உக்ரைன் விசாரிக்க வேண்டுமாம். பேச்சு முடிந்த சுமார் ஒன்றரை மணி நேரத்தில் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகத்திலிருந்து பென்டகனுக்கு மின்னஞ்சல்: நிதியை நிறுத்துங்கள், விஷயம் வெளியே போக வேண்டாம்.

ஊழலை ஒழிக்கவும், ஐரோப்பிய நாடுகளையும் பங்கு கொடுக்க வைக்கவும்தான் நிறுத்தினேன் என்றார் டிரம்ப். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருடைய தூதர் சாண்ட்லாண்டே என்ன சாட்சி சொன்னார்? டிரம்ப் கேட்ட விசாரணையை உக்ரைன் அறிவித்தால் போதும், நடத்தக்கூட வேண்டாம் என்றுதான் தான் புரிந்துகொண்டதாக! ஊழல் ஒழிப்பு இப்படியா நடக்கும்?

நிதியை முடக்கியது 1974-ம் ஆண்டுச் சட்டத்துக்கு விரோதம் என்று காங்கிரஸின் தணிக்கை அமைப்பு 2020 ஜனவரியில் கூறியது. ஆனாலும் இந்த விவகாரத்துக்காக நடந்த பதவிநீக்க விசாரணையில், பிப்ரவரியில் செனட் டிரம்பை விடுவித்தது. அவர் கட்சியில் எதிர்த்து வாக்களித்தவர் மிட் ராம்னி ஒருவர்தான்.