ஒத்திசைவு பாதியில் அறுந்தால்

கொச்சியை ஒட்டிய வைப்பின் தீவில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய ஊர் வாசகசாலையில் பழைய ஆண்டு மலர்கள், கூட்ட நோட்டீஸ்கள், கையெழுத்துப் பதிவேடுகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையதளத்தில் ஏற்றி வருகிறார்கள். பல்லாயிரம் படங்கள் சர்வரில் சேர்ந்துவிட்டன. ஆனால் நிர்வாகப் பக்கத்தில் 'சிங்க்' (ஒத்திசைவு) பொத்தானை அழுத்தினால் ஒரு நிமிடத்தில் '504 கேட்வே டைம்அவுட்' வருகிறது. மறுபடி அழுத்தினால் முதல் படத்திலிருந்தே தொடங்குகிறது. டைம்அவுட்டை எவ்வளவு உயர்த்தலாம் என்பது அவர் கேள்வி.

1917-ல் செறாயில் சமபந்தி விருந்து நடத்திய சகோதரன் ஐயப்பன் பிறந்த கரை வைப்பின். அங்கே கிடைக்கும் ஒவ்வொரு பழைய தாளும் பத்திரப்படுத்த வேண்டியதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டைம்அவுட்டை உயர்த்துவது தீர்வல்ல. இத்தகைய தளங்களை இயக்கும் பிஎச்பி ஒரு நிரலுக்குத் தரும் இயல்பான அவகாசம் 30 விநாடி. லினக்ஸில் அது வட்டுக்காகவும் தரவுத்தளத்துக்காகவும் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால்தான் உங்கள் வேலை 30 விநாடியைத் தாண்டி ஓடுகிறது. அதற்கு முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், இயல்பில் 60 விநாடி பதில் வராவிட்டால் இணைப்பை அறுத்துவிடும். கிளவுட்ஃபிளேர் வழியாகத் தளம் வந்தால் அதற்கும் தனியாக ஒரு கெடு உண்டு. மீறினால் 524 என்ற பிழை வரும். ஒன்றை உயர்த்தினால் அடுத்தது அறுக்கும். எல்லாவற்றையும் உயர்த்தினாலும், இடவப்பாதி மழையில் கரண்ட் போனால் பிரவுசர் இணைப்பும் போய்விடும்.

வேலையைப் பிரவுசரிலிருந்து வெளியே எடுங்கள். ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே 2018 முதல் ஓடும் ரோரோ படகு, கரையில் நிற்கும் வரிசை முழுவதும் ஏறட்டும் என்று காத்திருப்பதில்லை. ஒரு நடைக்கு இடம் உள்ள வண்டிகளோடு கிளம்பிவிடும். உங்கள் நிரலும் ஐம்பது கோப்புகளை எடுத்து, முடித்து, நிற்கட்டும். ஐந்து நிமிடம் கழித்து, குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் 'கிரான்' அதை மறுபடி எழுப்பட்டும். பொத்தானை அழுத்தும்போது கோப்புப் பட்டியல் ஓர் அட்டவணையில் பதிவானால் போதும். ஒவ்வொரு கோப்பும் முடிந்த உடனே அதன் வரிசையில் 'முடிந்தது' என்று எழுத வேண்டும். கடைசியில் மொத்தமாக எழுதும் நிரல்தான் முதலிலிருந்து தொடங்கிக்கொண்டே இருக்கும். மூன்று முறை தோற்ற கோப்பை ஒதுக்கிவிட்டு மேலே போகட்டும். முந்தைய நடை முடிவதற்குள் அடுத்தது கிளம்பாதபடி ஒரு பூட்டும் வேண்டும்; லினக்ஸில் 'எஃப்லாக்' இதற்கே உள்ளது.

வேர்ட்பிரஸ் தளமானால் ஒரு எச்சரிக்கை: அதன் உள்ளேயே இருக்கும் கிரான், யாராவது தளத்துக்கு வந்தால்தான் விழிக்கும். ஒரு வாசகசாலையின் தளத்துக்கு இரவில் யார் வருவார்கள்? ஹோஸ்டிங் பேனலில் உள்ள உண்மையான கிரானைப் பயன்படுத்துங்கள். கட்டளை வரியில் ஓடும் பிஎச்பிக்கு இயல்பில் நேர வரம்பே இல்லை என்பதும் உங்களுக்குச் சாதகம்.

இன்னொன்று, டைம்அவுட் போலத் தெரிவதெல்லாம் டைம்அவுட் அல்ல. ஒரு ஏ4 தாளை 600 டிபிஐ வண்ணத்தில் ஸ்கேன் செய்தால், விரித்த நிலையில் அது ஏறத்தாழ 104 எம்பி நினைவகத்தைத் தின்னும். பிஎச்பியின் இயல்பான நினைவக வரம்பு 128 எம்பி. சிறுபடம் உருவாக்கும் இடத்தில், மற்றத் தேவைகளும் சேர்ந்து வரம்பைத் தாண்டுவதால் நிரல் செத்துவிடும். பக்கமோ வெறுமனே நின்றுபோனது போல் இருக்கும். பிழைப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். தளத்துக்கு 300 டிபிஐ ஜேபெக் போதும். மூல டிஃப் கோப்புகள் வட்டில் இருக்கட்டும். சிறுபடங்களை ஒத்திசைவோடு சேர்க்காமல் தனி வேலையாகப் பிரித்துவிடுங்கள்.

நம் மொழிகளில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கிலக் கையேடுகளில் இது அநேகமாக இருக்காது. 'கொச்சி' என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். பழைய மேக் கணினிகள் இரண்டாகப் பிரித்தே சேமித்தன. லினக்ஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். கண்ணுக்கு ஒரே பெயர், கணினிக்கு இரண்டு. விளைவு, ஏற்கெனவே ஏறிய கோப்பு புதியது என்று ஒவ்வொரு முறையும் மறுபடி ஏறும். மலையாளத்தில் சில்லெழுத்துகளும் இப்படித்தான்: 2008-க்கு முன்பு ஒரு முறை, பின்பு இன்னொரு முறை. கூடவே, லினக்ஸ் கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் எல்லை. தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் என்பதால் 85 குறிகளோடு முடிந்துவிடும். கோப்புக்கு எண்ணையும் ஆண்டையும் பெயராக வையுங்கள். தமிழ், மலையாளத் தலைப்புகள் தரவுத்தளத்தில் இருக்கட்டும்.

வீட்டுக் கணினியிலிருந்து சர்வருக்கு ஏற்றுவதற்கு ஆர்சிங்க்தான் என் தேர்வு. ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996-ல் வெளியிட்ட இந்தக் கருவி, அளவும் மாற்றிய நேரமும் ஒத்துப்போகும் கோப்பைத் தொடாது. 'பார்ஷியல்' விருப்பத்தைச் சேர்த்தால் அறுந்த பெரிய கோப்பின் வந்த பகுதியை வீணாக்காது. ஸ்கேன்கள் ஃபேட்32 பென்டிரைவில் இருந்தால் கவனம்: அது மாற்றிய நேரத்தை இரண்டு விநாடித் துல்லியத்தில்தான் குறிக்கும். 'மாடிஃபை விண்டோ' 1 என்று கொடுக்காவிட்டால் மாறாத கோப்புகளும் மாறியதாகத் தெரியும். பிரவுசர் வழியாகத்தான் ஏற்ற முடியும் என்றால், பிஎச்பி ஒரே தடவையில் இயல்பாக 20 கோப்புகளை மட்டுமே ஏற்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

பெரிய தளங்களும் துண்டு துண்டாகத்தான் வாங்குகின்றன. தமிழ் விக்கிமூலத்துக்காக 2,000-க்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்கள் ஏறிய விக்கிமீடியா காமன்ஸில், 100 எம்பியைத் தாண்டும் கோப்பைத் துண்டுகளாகத்தான் அனுப்ப முடியும்.

முதலில் ஒரு மலரின் இருபது பக்கங்களோடு சோதித்துப் பாருங்கள். பாதியில் வேண்டுமென்றே நிறுத்தி, விட்ட இடத்தில் தொடர்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஆர்சிங்கில் 'டிலீட்' என்ற விருப்பம் ஒன்று உண்டு. மூலத்தில் இல்லாததைச் சர்வரிலிருந்து அழித்துவிடும். இன்னொரு வட்டில் முழுப் பிரதி இல்லாதவரை அதைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள்.