திருமலைப் பாறைகள் தரும் பாடம்

ஒரே காட்சிக்குப் பல விளக்கங்கள் கூறப்படுமாயின், அவற்றுள் எதனை ஏற்பது? சொன்னவரின் பெருமையை நோக்குவதா? பெரும்பாலோர் நம்புவதைப் பின்பற்றுவதா? விஞ்ஞானிகள் இவ்விரண்டையும் விடுத்து வேறொரு வழியே செல்கின்றனர். அவ்வழி யாதென்பதை நமக்கு அண்மையிலுள்ள ஓர் எடுத்துக்காட்டால் அறிவோம்.

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்வோர் வழியில் கருங்கற் குன்றுகளைக் காண்பர். திருப்பதியை அடைந்ததும் காட்சி மாறுகிறது. திருமலையின் அடிப்பகுதி கருங்கல்லே. ஆயின் அதன்மேல், கெட்டிப்பட்ட மணற்பாறை கிடையான அடுக்குகளாக மதில்போல் நிற்கிறது. இதனை நகரிக் குவார்ட்சைட் என்பர். இரண்டும் சேரும் எல்லையை மலைப்பாதையின் ஓரத்தில் கண்ணாலேயே காணலாம். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அதனைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது.

மூன்று விளக்கங்கள்

கீழே கருங்கல், மேலே மணற்பாறை. இந்த அமைப்பு எவ்வாறு உண்டாயிற்று?

முதல் விளக்கம்: ஆதிக்கடலின் நீரிலிருந்து கருங்கல் முதலில் படிந்தது, பின்னர் மணல் படிந்தது. ஜெர்மனியில் பிரைபெர்க் சுரங்கக் கல்லூரியில் 1775 முதல் கற்பித்த வெர்னரின் கொள்கை இத்தகையது. ஆசிரியரின் புகழால் அது ஐரோப்பாவில் வேரூன்றியது.

இரண்டாம் விளக்கம்: மணற்பாறையே முந்தியது, உருகிய கருங்கற் குழம்பு பின்னர் அடியிலிருந்து புகுந்து உறைந்தது.

மூன்றாம் விளக்கம்: கருங்கல் நிலத்தின் ஆழத்தில் உறைந்தது; அதனை மூடியிருந்த பாறைகள் நெடுங்காலம் தேய்ந்து அகன்றன; வெளிப்பட்ட கருங்கல்லின்மேல் மணல் படிந்தது.

கண்ட காட்சிக்கு மூன்றுமே பொருந்துகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே பொருத்தம் ஒன்றே ஒரு கொள்கையை நிலைநாட்டாது. அவை எவ்விடத்தில் ஒன்றோடொன்று மாறுபடும் என்று கேட்பதே ஆராய்ச்சியின் தொடக்கம்.

மாறுபடும் இடம்

1785ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில், செந்நிறக் கருங்கல் நரம்புகள்போல் கிளைத்து வேறொரு பாறைக்குள் புகுந்திருப்பதை ஜேம்ஸ் ஹட்டன் கண்டார். நீரில் படிந்த பொருள் மற்றொரு பாறையைப் பிளந்து புகாது. உருகிய குழம்பே புகும். கருங்கல் நீரில் பிறந்தது என்னும் கொள்கை இங்கே தளர்ந்தது.

அங்ஙனமாயின் திருமலையிலும் கருங்கல்தான் பிந்தியதோ? அவ்வாறு முடிவு செய்வதற்கில்லை. குழம்பு பின்னர் புகுந்திருந்தால் மணற்பாறைக்குள் கருங்கல் நரம்புகள் ஓடவேண்டும்; எல்லையோரம் வெப்பத்தால் வெந்து மாறியிருக்க வேண்டும். திருமலையில் அத்தகைய அடையாளம் இல்லை. மேலும், கருங்கல்லை டோலரைட் என்னும் கரும்பாறை பல இடங்களில் சுவர்போல் குத்தாக ஊடுருவியுள்ளது. அச்சுவர்கள் மணற்பாறையின் அடியில் நின்றுவிடுகின்றன.

“கரும்பாறைக் குழம்புக்கு மேலே ஏற வலிமை போதவில்லை” என ஒருவர் கூறலாம். கொள்கையைக் காப்பாற்றுவதற்கென்றே ஒட்டப்படும் இத்தகைய சமாதானத்தை உடனே தள்ளிவிடாமல், “இதனால் புதிதாக எதனை எதிர்பார்க்கலாம்?” என்று வினவ வேண்டும். விடை இல்லையேல் அது வெறும் ஒட்டுப்போடுதலே.

மூன்றாம் விளக்கமோ புதிய சோதனைக்கு உடன்படுகிறது. இரு பாறைகளுக்கும் இடையே மிக நீண்ட காலம் கழிந்திருக்க வேண்டுமென்று அது கூறுகிறது. பிற்காலத்தில் கதிரியக்கத் தனிமங்களைக் கொண்டு பாறைகளின் வயதைக் கணிக்கும் முறை தோன்றியது. ஹட்டன் அறியாத அம்முறையும் அதே முடிவைத் தந்தது. இடைவெளி சுமார் 80 கோடி ஆண்டுகள் என மதிப்பிட்டுள்ளனர். தொடர்பற்ற இரு வழிகள் ஓரிடத்தில் கூடும்போது நம்பிக்கை வலுப்பெறுகிறது.

வென்றவரும் விதிவிலக்கல்லர்

ஹட்டன் சொன்ன யாவும் உண்மையாகிவிடவில்லை. மணல் கல்லாக இறுகுவது நிலத்தடி வெப்பத்தால் என்று அவர் கருதினார். அழுத்தமும், மணல்களை ஒட்டவைக்கும் கனிமப் பசையுமே முதன்மைக் காரணங்கள் என்பது பின்னர் விளங்கிற்று. அவருடைய கொள்கையில் சான்று தாங்கிய பகுதி நின்றது. தாங்காத பகுதி நீங்கிற்று. பெயருக்காக எதுவும் காக்கப்படவில்லை.

பெரியோர் கூறினர் என்பதற்காக வெர்னரை ஏற்றவர்கள் தவறினர். அதே காரணத்துக்காக ஹட்டனை ஏற்பவரும், முடிவு சரியாயினும், வழியில் தவறியவரே.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. மூன்று விளக்கங்களும் பொருந்திய காட்சி எது? அவற்றைப் பிரித்துக் காட்டிய சான்றுகள் யாவை?

2. நாம் உறுதியாக நம்பும் ஒன்றைப் பொய்யெனக் காட்டக்கூடிய சான்று எதுவாக இருக்கும்?