கரண்ட் போய் வந்ததும் வி.பி.என். மக்கர் பண்ணுகிறதா?

ஆடிக் காற்றில் கீழப்பாவூரில் கரண்ட் போய் வருகிறது. வீட்டில் நெட் ஓடுகிறது. வெளியூரிலிருந்து வீட்டு ரவுட்டரில் ஓடும் வி.பி.என்.னுக்குள் மட்டும் நுழைய முடியவில்லை. உடனே செட்டிங்கை அழிக்காதீர்கள். நேற்று ஓடியது ராத்திரியில் தானாகக் கெடுவது அபூர்வம். முதலில் ரவுட்டரின் தேதியைப் பாருங்கள். பல ரவுட்டர்களில் கடிகாரத்துக்குப் பேட்டரி கிடையாது; கரண்ட் போனால் தேதி மறந்துவிடும். 1970 என்று காட்டினால், ஓபன்விபிஎன் சான்றிதழை 'இன்னும் அமலுக்கு வராதது' என்று தள்ளிவிடும். நெட்டிலிருந்து நேரத்தை எடுக்கும் என்டிபியை ஆன் செய்யுங்கள், நேரம் தானாகச் சரியாகும். பிறகு வி.பி.என். சர்வரை மட்டும் நிறுத்தி இயக்குங்கள். நெட் வருமுன்பே அது கிளம்பியிருக்கலாம்.

ரவுட்டரையே மறுபடி அணைத்துப் போட்டால் போதாதா? சில நேரம் போதும். ஆனால் அதே வரிசையில்தான் எல்லாம் திரும்பக் கிளம்பும், அதே கோளாறும் வரலாம். தேதி சரியாக இருந்தும் இணையவில்லையென்றால் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியான வான் (WAN) ஐபியைப் பாருங்கள். மாறியிருந்தால் அந்த ஐபியைச் சுட்டும் டிடிஎன்எஸ் பெயரைப் புதுப்பியுங்கள், இல்லாவிட்டால் போன் பழைய ஐபியையே தேடிக்கொண்டிருக்கும். அந்த ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் பெரும்பாலும் எந்தச் செட்டிங்கும் உதவாது: உங்களுக்கென்று தனி பொது ஐபி இல்லை, நெட் கொடுப்பவரிடம் கேட்டு வாங்குங்கள். இனி இப்படி ஆகாமலிருக்க மினி யுபிஎஸ் வாங்குவதானால் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து மாட்டுங்கள். ரவுட்டர் மட்டும் விழித்திருந்தால் லைன் அறுந்து ஐபி மாறக்கூடும்.