கொக்கி கடைசியில்தான்

ரயில் விபத்து இடத்துக்குப் போகும் பிரேக்டவுன் வண்டியில் புதிதாக ஏறும் தம்பிகளுக்கு, பெரியபாளையத்திலிருந்து ஒரு பழைய கை எழுதுவது.

1. இறங்கியதும் அண்ணாந்து பாருங்கள். மேலே 25,000 வோல்ட் கம்பி. அறுந்து தரையில் கிடந்தாலும் உயிருள்ள கம்பி என்றே நினையுங்கள். கரண்ட் நிறுத்தியதாக எழுத்தில் வாங்கி, எர்த் மாட்டிய பிறகுதான் கிரேன் கையைத் தூக்கலாம்.

2. சக்கரம் மட்டும் தண்டவாளத்தை விட்டு இறங்கியிருந்தால் ஹைட்ராலிக் ஜாக்கியே போதும். கிரேனை வரவழைப்பது பெருமைக்காக அல்ல.

3. 140 டன் கிரேன் எல்லா நிலையிலும் 140 டன் தூக்காது. கை எட்டிப் போகப் போகத் தாங்கும் எடை மளமளவென்று குறையும். டேங்கர் வேகன் காலியாக 27 டன், நிறைந்தால் 81 டன். "காலிதான் சார்" என்று யாராவது சொன்னால், நீங்களே போய்ப் பாருங்கள்.

4. கவரைப்பேட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபர் 11 இரவு பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப் லைனுக்குள் புகுந்து, நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. 13 பெட்டிகள் தடம் புரண்டன, யாரும் சாகவில்லை. கூடூர் வழி வடக்கே போகும் முக்கியப் பாதை அது. இப்படிப்பட்ட பாதை அடைபட்டால் கன்ட்ரோலிலிருந்து போன் ஓயாது. அடிக்கட்டும். கிரேனின் பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை அடுக்குவதில் மட்டும் அவசரம் கூடாது. மழை குடித்த மண் பார்வைக்கு இறுகித்தான் இருக்கும். பாரம் ஏறினால் ஒரு பக்கம் அமுங்கும். முதலில் பாரத்தை ஒரு சாண் மட்டும் தூக்கி நிறுத்துங்கள். கட்டை இறங்குகிறதா, கிரேன் சாய்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

5. கவரைப்பேட்டையில் விசாரணை தடம் மாற்றும் பாயின்ட்டில் கழன்றிருந்த போல்ட்டுகளைச் சுற்றியே நடந்தது. ஆகவே காலில் இடறும் நட்டைக்கூட எடுத்து எறியாதீர்கள். படம் எடுத்து, குறி போட்டு, பொறுப்பானவரிடம் கொடுங்கள்.

6. 2025 ஜூலை 13 விடியற்காலையில் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிய சரக்கு வண்டி தடம் புரண்டு 18 டேங்கர்கள் எரிந்தன. அத்தகைய இடத்தில் தீயணைப்புக்காரர் சரி என்று சொல்லும்வரை நமக்கு வேலை இல்லை. தீ அணைந்த டேங்கருக்குள்ளும் ஆவி நிற்கும். கேஸ் கட்டரை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

7. கிரேனுக்குச் சைகை காட்ட ஒரே ஆள். ஆனால் "நிறுத்து" என்று டீ கொண்டுவந்த பையன் கத்தினாலும் நிறுத்த வேண்டும்.

8. ஸ்லிங் இறுகும்போது அதன் வாக்கில் யாரும் நிற்கக் கூடாது, பார்வையிட வந்த பெரிய அதிகாரி உட்பட. அவரை மரியாதையாக, கையைப் பிடித்தே நகர்த்துங்கள்.